ஜான் பென்னிகுவிக்

பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு வேலையளித்துக் கூலி கொடுத்துக் காப்பது அரசாங்கத்தின் கடன்களுள் ஒன்று. அவ்வேலை அன்றைப் பசியை மட்டும் ஆற்றுமாயின் அதன் பயன் சிறிது; இனி வரும் பஞ்சத்தையும் தடுக்குமாயின் அதன் பயன் பெரிது. இவ்வேற்றுமையை மதுரை நாட்டாருக்கு விளங்கச் செய்தவர் ஜான் பென்னிகுவிக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ஆவர்.

இவர் 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள் பூனாவிற் பிறந்தார். படைத்தலைவராயிருந்த இவர் தந்தையாரும், தமையனார் ஒருவரும் 1849இல் சிலியன்வாலாப் போரில் ஒருங்கே மடிந்தனர். எட்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்த சிறுவர், இங்கிலாந்தில் அடிஸ்கோம் படைப்பள்ளியிற் கற்றுத் தேர்ந்து, 1860இல் சென்னைப் பொறியாளர் படையைச் சார்ந்தவராய் இந்தியாவுக்குத் திரும்பினார். அபிசீனியப் படையெடுப்பிலும் பணி செய்தார். எனினும், அவர் பெயரை நிலைநாட்டியது வாளன்று; மராமத்து இலாகாவிற் செய்த ஊழியமே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அரசாங்கம் பாதை போடுதல், கப்பிக்கல் உடைத்தல் முதலிய வேலைகளைத் திறந்து வைத்தது. ஆனால் 1877இன் தொடக்கத்தில், செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே ஓராளுக்குப் போதுமென்று விதித்தார். உழைக்கும் உடல் அவ்வளவில் நில்லாதென்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வன்மையாக மறுத்தார். சில மாதங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் இறந்தோர் மீளவில்லை. உடைத்த கல்லும் அடுத்த ஆண்டு ஒருவருக்கும் சோறிடவில்லை. இதன் பின்னரே, நீர்ப்பாசன வேலைகளே பஞ்சத்திற்குச் சிறந்த காப்பென்று 1880இல் பஞ்சக் கமிஷன் தெரிவித்தது.

மேற்கு மலைத்தொடரிற் பிறந்து அரபிக்கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையிற் சேர்க்கலாமென்னும் எண்ணம் புதியதன்று. 1789இலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்வித்தார். 1808இல் காப்டன் கால்டுவெல் அஃது இயலாதென்றார். இயலாதென்று மூடப்பட்ட ஏட்டைப் பஞ்சம் மீண்டும் திறந்தது. பென்னிகுவிக் 1882இல் திட்டத்தைப் புதுக்கி அமைத்தார். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசரிடமிருந்து 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்டது. 1887இல் வேலை தொடங்கிற்று.

அவ்வேலையின் கடுமை சொல்லுந்தரத்ததன்று. மழைக்காலத்து வெள்ளம் கட்டிய பகுதியைப் பன்முறை வாரிச் சென்றது. காட்டு யானைகள் ஒருபுறமும் மலைக்காய்ச்சல் மற்றொருபுறமும் வருத்தின. காய்ச்சற்குத் தப்பியோடினோர் பலர். ஓடாது மடிந்தோரும் பலர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால், 155 அடி உயரமாகப் பேரணை எழுந்தது. மலையைக் குடைந்து ஏறக்குறைய 5,700 அடி நீளச் சுரங்கம் வெட்டப்பட்டது. 80 இலட்சம் ரூபாய்க்கு மேற் செலவாயிற்று. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். கம்பம் பள்ளத்தாக்கிற் பாய்ந்து வைகையிற் கலந்த நீர், பேரணையிலிருந்து வடகரைக் கால்வாய் வழியே மேலூர் வரை சென்றது. மானாவாரிப் புன்செய்கள் நன்செய்களாயின.

பின்னர் இங்கிலாந்து சென்ற பென்னிகுவிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராயிருந்து, 1911 மார்ச் 9இல் காலமானார். 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. தேனி நாட்டு உழவர் தை மாதத்தில் அவர் பிறந்தநாளிற் பொங்கலிட்டு நன்றி பாராட்டுகின்றனர். அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலங்களுக்கும் நெடுநாள் வழக்கு நிகழ்ந்து, 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது.

ஈண்டு நாம் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. தாது வருஷத்திற் பசித்தவர்க்கு இவ்வணை உதவவில்லை. அவர்கள் மாண்டு பத்தாண்டு கழிந்த பின்னரே முதற்கல் இடப்பட்டது. முத்திருளப்பர் கண்டது உரிய காலத்தில் நிறைவேறியிருப்பின், வைகைக் கரையில் எத்தனையோ உயிர்கள் எஞ்சியிருக்கும். நல்லாண்டிலே திட்டங்களை ஆய்ந்து வைத்திராத அரசு, பஞ்சம் வந்தபின் கல்லுடைக்கச் சொல்வதன்றி வேறறியாது. பசுமலையினின்று மேற்றிசை நோக்கும் மாணவர், அணையைக் கட்டிய பொறியாளரோடு, காரை சுமந்து காய்ச்சலால் மடிந்த பெயரறியாக் கூலியாட்களையும் நினைப்பாராக.