வரலாறு மறுக்கப்பட்டவர்களுக்கு வரலாறு கற்பித்த ஆசான் கார்ட்டர் உட்சன்



ஒரு சமுதாயத்தை அடிமைப்படுத்துவோர் முதலில் அதன் கைகளைக் கட்டுகின்றனர்; பின்னர் அதன் வரலாற்றை மறைக்கின்றனர். கையில் பூட்டிய விலங்கைச் சட்டம் ஒரு நாள் கழற்றிவிடலாம். ஆனால், உன் முன்னோர் எதையும் சாதிக்கவில்லை என்று வகுப்பறையில் கற்பிக்கப்பட்ட பிள்ளையின் உள்ளத்தில் பூட்டிய விலங்கை எந்தச் சட்டமும் கழற்றுவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இவ்வுண்மையை ஆழமாக உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கெனவே செலவிட்டவர் கார்ட்டர் காட்வின் உட்சன். பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்ட நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது எனக் கருதி, அதனை இங்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

அடிமைகளாய் இருந்தோரின் மகன்

உட்சன் 1875ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹென்றி, தாய் ஆன் எலைசா இருவருமே அடிமைகளாய் வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்டு அப்போது 10 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே வர்ஜீனியாவில் 1831ஆம் ஆண்டில், கறுப்பின மக்களை ஓரிடத்தில் கூட்டி எழுதப் படிக்கக் கற்பிப்பது சட்டப்படி குற்றமாக்கப்பட்டிருந்தது. எழுத்தறிவு பெற்ற அடிமையை அடக்கி வைக்க இயலாது என்பதை எசமானர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

உட்சனின் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தன்மானம் மிக்கவர். யாரிடமும் பணிவுடன் நடந்துகொள்ள வேண்டும். ஆனால் எவர் முன்னும் இழிந்து நிற்கலாகாது என்பதே அவர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடம். ஊரிலிருந்த கறுப்பினப் பள்ளி ஆண்டில் சில மாதங்களே நடந்தது. உட்சனின் தாய்மாமன்மார் இருவரே அங்கு ஆசிரியர்களாய் இருந்தனர். எஞ்சிய மாதங்களில் சிறுவர் வயலில் உழைத்தாக வேண்டும்.

சுரங்கத் தொழிலாளர்களின் சபை

வாலிப வயதில் உட்சன் மேற்கு வர்ஜீனியாவுக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய வாழ்வின் திசை தீர்மானமாயிற்று எனலாம்.

ஆலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி அங்கு இருந்தார். உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பின வீரர் அவர். எழுதப் படிக்க அறியாதவர். எனினும் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை வாங்கித் தம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். வேலை முடிந்த தொழிலாளர்கள் மாலை வேளைகளில் அவ்வீட்டில் கூடிச் சிற்றுண்டி உண்பர். படிக்கத் தெரிந்த உட்சன், நாளிதழ்களையும் நூல்களையும் உரக்கப் படித்துக் காட்டுவார். அதற்கு ஈடாக ஜோன்ஸ் அவருக்குப் பண்டங்களைக் காசு வாங்காமல் கொடுப்பார். கேட்டுக்கொண்டிருந்த முதியோர், தாம் அடிமையாய் இருந்த நாட்களையும், போர்க்களத்தில் தாம் கண்டவற்றையும் எடுத்துரைப்பர். எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத வரலாறு இம்மனிதர்களின் நெஞ்சில் இருக்கிறது. இவர்கள் மறைந்தால் அதுவும் உடன் மறைந்துவிடும் என்பதை அந்த இளைஞர் அங்கே உணர்ந்துகொண்டார்.

தம் 20ஆம் வயதில், 1895ஆம் ஆண்டில், ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தார். தம்மினும் இளைய சிறுவர்களோடு அமர்ந்து கற்க அவர் வெட்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்தார். 1900ஆம் ஆண்டில் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் ஆனார்.

கதவைத் திறந்துவிட்டவர்

இவ்விடத்தில் வேறொருவரையும் நாம் நினைவுகூர்தல் தகும். உட்சன் பட்டம் பெற்ற பெரியா கல்லூரி கென்டக்கி மாநிலத்தில் உள்ளது. அதனை நிறுவிய ஜான் ஃபீ வெள்ளையர். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அடிமை முறை பாவம் எனக் கண்டு அதற்கு எதிராக அவர் பேசத் தொடங்கியபோது, தந்தை அவருக்குச் சொத்துரிமையை மறுத்தார். 1859இல் அவரைச் சார்ந்தோர் பெரியாவிலிருந்தே விரட்டப்பட்டனர். போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1866 முதல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்க அவர் வழிவகுத்தார். அநீதியால் தமக்கு நன்மை விளைந்தபோதும் அந்த அநீதியைத் துறப்பதே உண்மையான துணை நிற்றல் என்பதற்கு ஃபீயின் வாழ்வு சான்றாகும்.

1903ஆம் ஆண்டில் உட்சன் அங்குப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இரு இனத்தாரும் ஒன்றாகப் படிப்பதைத் தடை செய்து கென்டக்கி அரசு சட்டம் இயற்றியது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தமக்குத் திறந்த கதவு தம் தம்பிமார் முகத்தில் அடைக்கப்பட்டதை உட்சன் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

ஆப்பிள் மரமும் நாவல் மரமும்

1903 முதல் 1907 வரை உட்சன் அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். அமெரிக்காவிலிருந்து சென்ற பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர், ஆப்பிள் மரத்தைக் கண்டே இராத சிறுவர்களுக்கு ஆப்பிள் மரத்துப் பாட்டைக் கற்பித்தனர். ஜார்ஜ் வாஷிங்டனின் கதையைச் சொல்லினர். பிள்ளைகளுக்கு எதுவும் விளங்கவில்லை. முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத ஒருவரோ, அவ்வூரில் வளரும் லொம்போய் என்னும் நாவல் மரத்தைக் காட்டிப் பாடம் தொடங்கினார். அந்நாட்டின் தியாகி ஹோசே ரிசாலைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் ஆர்வத்துடன் கற்றனர். பிற்காலத்தில் 1933இல் வெளியிட்ட ‘நீக்ரோவின் தவறான கல்வி’ என்னும் நூலில் உட்சன் இந்நிகழ்வை எடுத்துக்காட்டினார். (கறுப்பின மக்களைக் குறிக்க நீக்ரோ என்னும் சொல்லே அக்காலத்தில் வழங்கியது. இன்று அது தவிர்க்கப்படுகிறது. நூற்பெயர், கழகப் பெயர்களில் மட்டும் நாம் அதனை எழுதுகிறோம்.)

தன்னிடத்தில் உள்ளதை அறியாமல் பிறனிடத்தில் உள்ளதை மட்டும் படிக்கும் பிள்ளை, பிறனே உயர்ந்தவன் என்ற முடிவுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. அதன் பின் அதனை அடக்கி வைக்கக் காவலர் எவரும் தேவையில்லை. இதுவே அந்நூலின் சாரம்.

இல்லை எனப்பட்ட வரலாறு

தாயகம் திரும்பிய உட்சன் 1908இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலும், 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் உயர் பட்டங்கள் பெற்றார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவரே. முதலாமவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்து வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவரோ உட்சன் ஒருவரே. அங்கே அவருடைய பேராசிரியர்களுள் ஒருவர், கறுப்பின மக்களுக்கு வரலாறு என ஒன்று இல்லை என்றே கூறினார். உட்சன் வாதிட்டு நேரத்தை வீணாக்கவில்லை. சான்றுகளைத் திரட்டத் தொடங்கினார்.

சான்றுகளுக்குக் குறைவே இல்லை. வர்ஜீனியா தன் கல்வித் தடைச் சட்டத்தை இயற்றிய அதே 1831ஆம் ஆண்டில், அண்டை மாநிலமான வட கரோலினாவில் உமர் இப்னு சயீத் என்னும் அடிமை தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா டோரோவில் 25 ஆண்டுகள் கல்வி கற்றவர் அவர். 1807இல் கப்பலில் கொண்டுவரப்பட்டவர். அக்கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. அறிவற்ற கூட்டம் எனத் தூற்றப்பட்டோருள் ஆலிம்களும் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கழகமும் இதழும்

1915ஆம் ஆண்டில், கறுப்பின மக்களைக் கொடியோராகவும் அவர்களைக் கொன்ற கூட்டத்தை வீரர்களாகவும் காட்டிய ஒரு திரைப்படம் அமெரிக்கா முழுவதும் ஓடியது. வெள்ளை மாளிகையிலும் அது திரையிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சிகாகோவில், உட்சன் நண்பர் சிலருடன் கூடி நீக்ரோ வாழ்வு, வரலாற்று ஆய்வுக் கழகத்தை நிறுவினார். 1916 ஜனவரியில் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. அச்சுக்கூலிக்குப் பணமில்லாமல், தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கியே முதல் இதழை அவர் கொண்டுவந்தார்.

1919 ஜூலையில் வாஷிங்டன் நகரில் இனக் கலவரம் மூண்டது. வீதியில் நடந்து சென்றுகொண்டிருந்த உட்சன், வெறிகொண்ட வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினத்தவர் ஒருவரைப் பிடித்துச் சுட்டதைக் கண்ணால் கண்டார். இருளில் ஒதுங்கித் தப்பினார். அம்மனிதரின் முனகல் அவர் காதில் விழுந்தது. இக்கொலைகள் வீதியில் நிகழ்ந்தாலும் அவற்றின் வித்து பள்ளிக்கூடத்தில் ஊன்றப்படுகிறது என்பது உட்சனின் உறுதியான கருத்து. ஓர் இனத்தார் மனிதரிலும் தாழ்ந்தவர் எனச் சிறு வயதிலேயே படித்து வளர்ந்தவன், பெரியவனானதும் அவரைக் கொல்லக் கூசுவதில்லை அன்றோ? எனவே கறுப்பினப் பிள்ளை மட்டுமின்றி, வெள்ளையர் பிள்ளையும் இவ்வரலாற்றைப் படித்தாக வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

வகுப்பறையை அடைந்த வாரம்

1922இல் அவர் எழுதிய ‘நம் வரலாற்றில் நீக்ரோ’ என்னும் நூல் பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடநூலாயிற்று. அது அடிமைக் கப்பலிலிருந்து தொடங்கவில்லை. கானா, மாலி, சோங்காய் முதலிய ஆப்பிரிக்கப் பேரரசுகளிலிருந்து தொடங்கியது. 1324இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் பொன்னை வாரி வழங்கிய மன்சா மூசாவின் நாடே அந்த மாலி. அறிஞர்களால் புகழ்பெற்ற திம்புக்டு நகரம் அங்கேதான் இருந்தது.

1926 பிப்ரவரியில் அவர் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். அடிமை விடுதலைப் பிரகடனம் வெளியிட்ட ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாளும், அடிமையாய் இருந்து விடுதலைப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்த நாளும் அம்மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கொண்டாடப்பட்டு வந்தன. முதல் ஆண்டிலேயே வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் கல்வித் துறைகள் ஒத்துழைத்தன. படங்கள், பாடத் திட்டங்கள், சிறு நாடகங்கள் ஆகியவற்றைக் கழகம் பள்ளிகளுக்கு அனுப்பியது. 1930 கோடையில் அவருடைய உதவியாளர் லாரன்சோ கிரீன், மாணவர் சிலருடன் காரில் ஊர் ஊராகச் சென்று நூல்களை விற்றார். 1937இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனி இதழும் தொடங்கப்பட்டது.

ஆயினும் ஆண்டில் ஒரு வாரம் மட்டும் விழா எடுத்துவிட்டு மற்ற நாட்களில் மறந்திருப்பதை அவர் விரும்பவில்லை. ஆண்டு முழுவதும் இது இயல்பாகக் கற்பிக்கப்படும் நாளில் இத்தகைய வாரத்திற்குத் தேவையே இராது என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

உதவியும் உரிமையும்

வெள்ளையர் பலர் அவருக்குப் பொருளுதவி செய்தனர். வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு தொடக்க நாட்களில் காலாண்டுக்கு 100 டாலர் அளித்தார். 1920களில் பெரிய அறக்கட்டளைகளும் உதவின. ஆனால், கழகத்தை ஒரு கல்லூரியோடு இணைத்துவிடுமாறு அவை நிர்ப்பந்தித்தபோது உட்சன் மறுத்தார். உதவுவோர் உதவலாம், வரலாற்றை எழுதும் கை எம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1930களில் அவ்வுதவி நின்றது. அப்போது கழகத்தைத் தாங்கியவர்கள் கறுப்பின ஆசிரியைகளும், சாதாரண உழைப்பாளிகளும் அனுப்பிய சிறு சிறு தொகைகளே.

உட்சன் மணம் புரியவில்லை. வாஷிங்டனில் 1922இல் வாங்கிய வீட்டின் கீழ்த் தளங்களைக் கழகத்திற்கும் பதிப்பகத்திற்கும் ஒதுக்கிவிட்டு, மேல் தளத்தில் எளிமையாக வாழ்ந்தார். அவ்வீட்டிலேயே 1950 ஏப்ரல் 3ஆம் நாள் தம் 74ஆம் வயதில் மறைந்தார். 1976இல் அவருடைய வாரம் ஒரு மாதமாக விரிந்தது.

சிறைக்குள் சென்ற நூல்

அவர் மறைவை ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இளைஞர் சிறையில் இருந்தார். மிச்சிகன் மாநிலப் பள்ளியில் அவர் படித்த பாடநூலில் கறுப்பின மக்களைப் பற்றி இருந்தது ஒரே ஒரு பத்தி. சிறை நூலகத்தில்தான் உட்சனின் நூல் அவர் கைக்கு வந்தது. அடிமைத்தனத்திற்கு முந்தைய பேரரசுகளைப் பற்றி அறிந்து அவர் கண் திறந்தார். அவரே மால்கம் எக்ஸ். 1964இல் ஹஜ்ஜை நிறைவேற்றிய அல்ஹாஜ் மாலிக் அல் ஷபாஸ். உட்சன் அவரைக் கண்டதில்லை. எழுதி வைத்த இல்ம், எழுதியவர் அறியாத இடத்திற்கும் சென்று சேரும் என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

அன்புச் சகோதரர்களே! பிலால் (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லி வளரும் நம் பிள்ளைகள், ஆப்பிரிக்க மக்களைப் பற்றி வேறு என்ன அறிந்திருக்கின்றனர் என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தைச் சொல்லி ஒருவரை இகழும் சொல் ஒரு குழந்தையின் வாயில் வருமாயின், அதனைக் கற்பித்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். அக்குழந்தை அச்சொல்லுடன் பிறக்கவில்லை. அநீதியைக் கற்பிக்க ஒரு வகுப்பறை போதுமாயின், நீதியைக் கற்பிக்கவும் அது போதும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், எவரையும் இழிவாகக் கருதாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.