இரு களம் கண்ட வீரர்

விளையாட்டில் ஒரு துறையில் நாட்டிற்காக ஆடுவதே அரிய பேறு. டென்னிஸ், கிரிக்கெட் ஆகிய இரு துறைகளிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமைக்குரியவர் சென்னையைச் சேர்ந்த கோட்டா இராமசுவாமி. முதல் வாய்ப்பு அவரை நாடி வந்தபோது அவருடைய வயது இருபதுகளின் நடுவில். இரண்டாவது வாய்ப்பு வந்தபோது நாற்பது.

தந்தை காட்டிய வழி

இராமசுவாமி 1896ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தை புச்சிபாபு நாயுடு, தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படுபவர். தாய்வழிக் குடும்பத்திற்குச் சுவீகாரம் சென்றமையால் இராமசுவாமியின் பெயருக்கு முன் 'கோட்டா' சேர்ந்தது.

மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்த காலம் அது. அங்கு ஆடச் சென்ற இந்தியர், உணவு வேளையில் மரநிழலில் அமர வேண்டியிருந்தது. இந்நிலை கண்டு வருந்திய புச்சிபாபு, இந்தியர்க்கென மெட்ராஸ் யுனைடெட் சங்கத்தை உருவாக்கினார். வசதியற்ற இளைஞர்க்கு ஆட்டக் கருவிகளும் வாங்கித் தந்தார். இந்தியரும் ஐரோப்பியரும் சரிநிகராக மோதும் போட்டிக்கு ஏற்பாடு செய்த அவர், 1908இல் அது நடைபெறும் முன்பே மறைந்தார். அவருடைய கனவைச் சிறுவனாயிருந்த இராமசுவாமியும் அவருடைய உடன்பிறந்தாரும் பின்னாளில் களத்தில் நனவாக்கினர்.

டென்னிஸ் களத்தில்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது இராமசுவாமி டென்னிஸில் சிறந்து விளங்கினார். இந்தியா டேவிஸ் கோப்பைப் போட்டியில் அடியெடுத்து வைத்த மறு ஆண்டே, அதாவது 1922இல், இந்திய அணியில் இடம்பெற்றார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ருமேனியாவுக்கு எதிரான இரட்டையர் ஆட்டத்தில் வென்றார். அடுத்த சுற்றில் இந்தியா ஸ்பெயினிடம் தோற்றது. பின்னர்த் தாயகம் திரும்பிய அவர், வேளாண்மைத் துறையில் பணியாற்றிக்கொண்டே கிரிக்கெட்டைத் தொடர்ந்தார்.

நாற்பதில் ஒரு தொடக்கம்

பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெற்றுவிடும் வயதில், 1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். அணிக்குள் பூசல்கள் மலிந்திருந்த பயணம் அது. மான்செஸ்டரில் நடைபெற்ற இரண்டாவது டெஸ்ட் போட்டியே அவருக்கு முதல் டெஸ்ட். இங்கிலாந்து 571 ஓட்டங்கள் குவிக்க, இந்தியா 203 ஓட்டங்களில் சுருண்டது. அதில் இராமசுவாமியின் பங்கு 40. தோல்வி நெருங்கி நின்ற நிலையில் மீண்டும் ஆட வந்த இந்தியாவுக்கு விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி இருவரும் சதம் அடித்து அடித்தளமிட்டனர். இடக்கையரான இராமசுவாமி 60 ஓட்டங்கள் சேர்த்துத் துணைநின்றார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்து ஓவல் களத்தில் 29 ஓட்டங்களும் ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் எடுத்தார். அதன்பின் பத்தாண்டுகள் இந்தியா டெஸ்ட் போட்டி ஆடவில்லை. இரண்டே போட்டிகளுடன் அவருடைய டெஸ்ட் வாழ்வு நிறைவுற்றது, சராசரியோ 56.66.

அடையாற்றில் இறுதிக்காலம்

1953இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிய இந்திய அணிக்கு மேலாளராக விளங்கினார். முதுமையில் அடையாற்றில் வாழ்ந்த அவர், 1985 அக்டோபரில் ஒருநாள் இல்லத்தை விட்டு வெளியே சென்றார், திரும்பவேயில்லை. அவருடைய முடிவை அறிந்தவர் எவருமில்லை. ஆயினும், வாய்ப்பு வரத் தாமதமாகலாம், ஆயத்தம் தாமதமாகலாகாது என்பதை அவர் தம் நாற்பதாம் வயதில் மட்டையால் எழுதிக் காட்டினார்.