நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கு

கையில் விளக்கேந்திய மங்கையாகவே பிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் பள்ளியில் படித்தோம். ஆய்வுக்கூடத்தில் எண்களோடு மல்லாடும் எனக்கோ அவருடைய விளக்கைவிடக் கணக்கின்மேல்தான் காதல்.

1820இல் இத்தாலியில் பிறந்த இந்த ஆங்கில மாது, குடும்பத்தார் எதிர்ப்பை மீறி, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் சில மாதங்கள் தாதித்தொழில் பயின்றார். 1853இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு விடுதியொன்றின் பொறுப்பை ஏற்றார். மாடிதோறும் வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்றும் பொறி, நோயாளி அழைக்க மணி இவையே அவர் கேட்டவை. தாதி படியேறி வீணாக்கும் நேரம் நோயாளிக்கு உரியதல்லவா?

1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்குடாரிப் படை மருத்துவமனையை அடைந்தார். குண்டடிபட்டோரைப் பேணும் வித்தை ஹார்லி தெருவில் கிடைப்பதன்று. ஆனால் அங்கே பழகிய சமையலறை, சலவை, சரக்கு நிர்வாகம் இங்கே கைகொடுத்தன. நோயாளிக்கேற்ற உணவுக்குத் தனி அடுப்புகள் மூட்டினார். வாடகை வீட்டில் கொப்பரைகள் வைத்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார்.

புகழ் பாடுவோர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. இத்தனைக்கும் பிறகு அந்தக் குளிர்காலத்தில் சாவு பெருகியதேயன்றிக் குறையவில்லை. கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடை அவருடைய அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் அதைச் சுத்தம் செய்த பின்னரே மரணங்கள் சரிந்தன. தாயகம் திரும்பியபின் வில்லியம் பார் என்ற புள்ளியியல் அறிஞருடன் எண்களை ஆராய்ந்த அம்மையார், காயத்தைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்பதை 1858இல் வண்ணப் படமாகவே அச்சிட்டார்.

இந்திய மண்ணை அவர் மிதித்ததேயில்லை. ஆயினும் இங்குள்ள பட்டாளத்து முகாம்களுக்கு வினாத்தாள்கள் அனுப்பச் செய்து, வந்த விடைகளை ஆராய்ந்தார். 1863இல் வெளிவந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கையில் நம் ஊர்க் குடிநீரும் சாக்கடையும் அவர் கணக்கில் ஏறின.