சூவாவில் இறங்கிய தென் சிலுவை

பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்திற்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதைப் போல் நான்கு மடங்கு நீளமுள்ள புல்வெளியில், மூன்று எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானத்தை ஒருவர் இறக்கினார் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தாம் ஆஸ்திரேலிய விமான வீரர் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்.

இவர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். பத்து வயது நிரம்புமுன் சிட்னியின் பாண்டை கடற்கரையில் மூழ்க இருந்தவரைக் காப்பாற்றினார்கள். முதல் உலகப் போரில் விமானியானார். 1917இல் காலில் குண்டு பாய்ந்து சில விரல்களை இழந்தார். அப்படிப்பட்டவர் பறப்பதையே விட்டிருப்பார் என்று நாம் நினைப்போம். அவரோ பசிபிக் பெருங்கடலைக் கடக்க ஆசைப்பட்டார்!

1928 மே 31 அன்று 'தென் சிலுவை' என்னும் விமானம் அமெரிக்காவின் ஓக்லண்டிலிருந்து புறப்பட்டது. உடன் சென்றவர்கள் சார்லஸ் உல்ம், ஹாரி லயன், ஜேம்ஸ் வார்னர். எஞ்சின்களின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஆகவே துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டார்கள். ஹவாயிலிருந்து பிஜி சுமார் 5,000 கிலோமீட்டர். இருட்டிலும் மழையிலும் புயற்காற்றிலும் 34 மணி நேரத்திற்கும் மேலாகப் பறந்து, ஜூன் 5 அன்று மலைகள் நிறைந்த வீட்டி லெவு தீவை அடைந்தனர்.

அத்தீவில் அதற்குமுன் எந்த விமானமும் இறங்கியதில்லை. சூவா நகரில் இருந்ததோ ஆல்பர்ட் பார்க் என்னும் விளையாட்டு மைதானந்தான். இவருக்காக அங்கிருந்த மரங்களை வெட்டி, கம்பிகளையும் அகற்றியிருந்தார்கள். மைதானத்தின் மறுமுனையில் மேடு. விமானத்திற்கோ பிரேக் கிடையாது. வேகமாக வந்தால் மேட்டில் மோதும். வேகத்தை மிகக் குறைத்தால் வானிலிருந்தே விழுந்துவிடும். அத்தனை மணி நேரம் உறங்காத கண்களுடன் இதைச் சரியாகக் கணிக்க வேண்டும்.

ஸ்மித் தாழப் பறந்து மைதானத்தின் தொடக்கத்திலேயே சக்கரங்களைப் பதித்தார். ஆனாலும் விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. மேடு நெருங்கியதும் அதைச் சட்டென்று பக்கவாட்டில் வட்டமடிக்கச் செய்து நிறுத்தினார். நால்வரும் தப்பினர். கூடியிருந்த மக்களில் பலர் விமானத்தைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

இறங்கியாயிற்று, ஏறுவது எப்படி? எரிபொருள் முழுவதையும் நிரப்பினால் அந்தச் சிறிய மைதானத்திலிருந்து எழும்ப முடியாது. ஆதலால் பாரம் குறைத்து நாசெலாய் கடற்கரைக்குப் பறந்து, அங்கே எரிபொருள் நிரப்பிக் கிளம்பினார்கள். ஜூன் 9 அன்று பிரிஸ்பேன் அவர்களை வரவேற்றது.

அடுத்த ஆண்டு இவர் வழிதவறி இறங்கியபோது, தேடிச் சென்ற ஆண்டர்சன், ஹிட்ச்காக் இருவரும் பாலைவனத்தில் இறந்தனர். இவருடைய புகழைச் சொல்லும்போது அவர்களை மறப்பது நியாயமன்று என்பது எங்கள் எண்ணம். 1932இல் இவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது.

1935 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில், நம் நாட்டின் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கிப் பறந்தார். உடன் பெத்திபிரிட்ஜ் என்பவரும் இருந்தார். இருவரும் போய்ச் சேரவில்லை. ஸ்மித்துக்கு அப்போது வயது 38. 1937இல் பர்மாக் கடலோரத்தில் அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று கிடைத்தது. அதன் டயரில் காற்று அப்படியே இருந்தது.