அகஸ்தீனும் அவர் பெற்றோரும்

பெற்றோர் இளமையிற் செய்யும் நன்மையும் செய்யத் தவறும் நன்மையும் ஒருவனை அவன் வாழ்நாள் முழுமையும் தொடர்ந்து வருவன. இவ்வுண்மைக்குத் திருச்சபைப் பெரியாராகிய அகஸ்தீனுடைய வாழ்க்கை சிறந்ததொரு சான்றாகும். தம் குற்றங்குறைகளைக் கடவுள் திருமுன் அறிக்கையிட்டு அவரே எழுதிய நூலினின்று நாம் அதனை அறிகின்றோம்.

வட ஆப்பிரிக்காவில், உரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த தகாஸ்தே என்னும் ஊரில், கி. பி. 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அகஸ்தீன் பிறந்தார். இக்காலத்தில் அவ்வூர் அல்ஜீரியா நாட்டில் சூக் ஆராஸ் என வழங்குகின்றது. தந்தையார் பத்திரிசியுஸ் நகரசபை உறுப்பினர். பழைய தேவர்களை வழிபட்டவர். நல்லுள்ளம் உடையவரேனும் கடுஞ்சினத்தர். மணவாழ்வின் நெறியினின்று வழுவியவர். தாயார் மோனிக்கா கிறிஸ்தவ பக்தியில் வளர்ந்தவர். கணவர் சினங்கொண்ட பொழுது வாய்திறவாது பொறுத்திருந்து, அது தணிந்தபின் இன்சொல்லால் நியாயம் எடுத்துரைப்பவர். சமயத்திலும் ஒழுக்கத்திலும் வேறுபட்ட இவ்விருவரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர். மகன் கற்றுப் பெயர் பெறல் வேண்டும் என்பதே அஃது.

பள்ளியில் ஆசிரியர் பிரம்படிக்கு அஞ்சிய அகஸ்தீன், அடிபடாதபடி காக்குமாறு கடவுளை வேண்டினார். மகன்மேல் அன்பு குறையாத பெற்றோரோ அவ்வடிகளைச் சிரிப்புக்குரியனவாகக் கருதினர். அச்சிறுவனுக்குப் பெருந்துன்பமாயிருந்தது அவர்களுக்கு விளையாட்டாய்த் தோன்றியது. இச்சிறு நிகழ்ச்சியை அகஸ்தீன் பிற்காலத்தும் மறந்திலர்.

மதௌரா என்னும் அயலூரிற் பயின்று வந்த அவர், பதினாறாம் வயதில், மேற்படிப்புக்குப் பொருள் திரட்டும் வரையில் வீடு திரும்பினார். அவ்வோராண்டு வேலையின்றிக் கழிந்தது. தந்தை தம் வருவாய்க்கு மிஞ்சிச் செலவு செய்யத் துணிந்தமையை ஊரார் புகழ்ந்தனர். ஆனால் மகன் மனத்தூய்மையில் வளர்கின்றானா என்று அவர் ஆராய்ந்திலர். நீராடு மண்டபத்தில் மகனிடம் வாலிபத்தின் குறி தோன்றக் கண்டு, பேரரைக் காணலாம் என்று மகிழ்ந்து மனைவியிடம் கூறினார். மோனிக்கா நடுங்கித் தனிமையில் மகனை எச்சரித்தார். அவரோ அதனைப் பெண்பேச்சு என இகழ்ந்தார். திருமணம் படிப்பைத் தடுக்கும் என்று தாயும் அதனை நாடவில்லை. அந்நாளில் தோழர் கூட்டத்தோடு இரவில் அயலார் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தார். பசியாலன்று, தோழமையின் வெறியால் செய்த அத்திருட்டு, பிற்காலத்தில் அவர் நெஞ்சை நெடிது வருத்தியது.

பதினேழாம் வயதளவில் தந்தை இறந்தார்; இறக்குமுன் அவரும் திருமுழுக்குப் பெற்றார். கார்த்தேஜ் நகரிற் கல்வி பயின்ற அகஸ்தீன், மணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்றார். கடவுளால் தரப்பட்டவன் என்னும் பொருளில் அவனுக்கு அதெயோதாத்துஸ் என்று பெயரிட்டனர். பின்னர் அகஸ்தீன் மானிக்கேய மதத்தைச் சார்ந்தார். தாய் மனம் பொறாது மகனோடு ஒரே வீட்டில் இருக்க மறுத்தார்; ஆயினும் தாம் கண்ட கனவொன்றால் தேறி மீண்டும் ஏற்றுக்கொண்டார். மகனோடு வாதாடுமாறு ஓர் ஆயரை வேண்டியபோது, அவர் மறுத்து, செபம் மட்டும் செய்து காத்திருக்கும்படி அறிவுறுத்தினார்.

காத்திருத்தல் தாய்க்கு எளிதாயிருக்கவில்லை. 383-இல் மகன் உரோமுக்குப் புறப்பட, அவர் கடற்கரை வரையில் பின்தொடர்ந்தார். நண்பனை வழியனுப்ப வந்ததாகப் பொய்யுரைத்து, தாய் இரவெல்லாம் ஆலயத்தில் செபித்திருக்கையில், மகன் கப்பலேறிச் சென்றார். விடிந்தபின் அக்கரையில் அத்தாய் அழுத அழுகையை எண்ணுவார் எவரும் மனம் உருகாதிரார். எனினும் மிலானில் அவரை மீண்டும் அடைந்தார். ஆங்கும் உயர்குலத் திருமணம் ஒன்றை ஏற்பாடு செய்ய, பல்லாண்டு உடன் வாழ்ந்த பெண், மகனை விட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. தாயன்பும் சில வேளைகளில் பிறர் துயரைக் காணாதொழிகின்றது.

386-இல் அகஸ்தீன் மனந்திரும்பினார். மறுவருஷம் உயிர்த்தெழுந்த திருநாளின் முன்னிரவில், அம்புரோஸ் ஆயரின் கையால் தந்தையும் மகனும் ஒருங்கே திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டிலேயே ஒஸ்தியாத் துறைமுகத்தில், தம் ஆவல் நிறைவேறிய மோனிக்கா ஐம்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அகஸ்தீன் பதினாறு வயதில் கேட்பாரற்றுத் திரிந்தார்; தம் மகன் பதினாறு வயதை அடைந்தபோதோ அவனைத் தம்மருகே இருத்தி உரையாடினார். அவ்வுரையாடலே ஆசிரியரைப் பற்றிய அவர் நூலாயிற்று. அதில் மகன் கூறுவனவாக உள்ள கருத்துக்கள் யாவும் அவனுடையனவே என்று வியந்து எழுதியுள்ளார். தமக்குக் கிடையாததை அவர் மகனுக்குத் தந்தார். அந்தோ, அம்மகன் இளமையிலேயே மறைந்தான்!

பின்னர் ஹிப்போ நகர ஆயராகிப் பெரும்பணி புரிந்து, 430-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அகஸ்தீன் காலமானார். பெற்றோர் பிழைகளை அவர் மறைத்தாரல்லர். அவற்றைத் தம் பாவங்களுக்குச் சாக்காகக் கொண்டாரும் அல்லர். தாயின் மரணத்தைக் கூறி முடிக்குமிடத்து, மோனிக்காவையும் பத்திரிசியுஸையும் செபத்தில் நினைக்குமாறு படிப்போரை வேண்டுகின்றார். பெற்றோரிடம் குறை காண்பதில் விரைவுடைய மாணவராகிய நாம், அவ்வேண்டுகோளின்கண் உள்ள மகனன்பையும் கற்றுக்கொள்வோமாக.