இரத்தக்குழாயைத் தைத்த கைகள்



செட்டிபாளையம் கடற்கரையில் அறுந்த வலையைப் பொத்துகின்றவரின் விரல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணோடு கண் சேர்த்து, மீன் தப்பாதபடி அவர் முடிச்சுப் போடுகிறார். இதே வேலையை மனித உடலுக்குள், குருதி ஓடிக்கொண்டிருக்கும் குழாயிலே செய்ய முடியுமா? 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலான சத்திரசிகிச்சை வைத்தியர்கள் முடியாது என்றே எண்ணியிருந்தனர். முடியும் என்று உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் அலெக்சிஸ் கரேல். அவருடைய கை செய்த நன்மையும், பிற்காலத்தில் அவருடைய பேனா செய்த தீமையும் இரண்டுமே நமக்குப் பாடமாகும்.

லியோன் நகரின் மாணவன்

கரேல் 1873ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகருக்கு அருகே பிறந்தார். நமது மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான். தந்தையார் புடவை உற்பத்தித் தொழில் செய்தவர். மகனுக்கு ஐந்து வயதாயிருக்கையில் அவர் காலமாகிவிட, பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாயின் தோளில் விழுந்தது. கரேல் இயேசு சபையினரின் பள்ளியிலே கற்று, பின்னர் லியோன் மருத்துவ பீடத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய விசுவாசம் மெல்லத் தளர்ந்தது. சோதித்து அறிந்ததை மட்டுமே ஏற்பது என்ற கொள்கை அவரைப் பற்றிக்கொண்டது.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி, லியோனுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். ஈரலுக்குச் செல்லும் பெரிய நாளம் அறுந்துபோயிற்று. நகரின் சிறந்த வைத்தியர்கள் கூடியிருந்தும் அதைத் தைத்து ஒட்டும் வழி எவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜனாதிபதி உயிர் நீத்தார். 21 வயதை எட்டவிருந்த கரேலின் மனத்தில் இந்தச் சாவு ஆழமாகப் பதிந்தது. மற்றத் தசைகளைத் தைக்கிறோமே, குருதிக் குழாயை மட்டும் ஏன் தைக்க முடியாது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார்.

தையற்காரியிடம் கற்ற வித்தை

அது ஏன் அவ்வளவு கடினமாயிருந்தது? ஊசி குத்திய துளைகளினூடே குருதி கசியும். குழாயின் உட்புறத்தில் நூல் தட்டுப்பட்டால் அந்த இடத்திலே குருதி உறைந்து வழியை அடைத்துவிடும். இழுத்துத் தைத்தால் குழாய் ஒடுங்கிவிடும். ஆகவே வைத்தியர்கள் அறுந்த நாடியைக் கட்டிவிடுவார்கள். குருதிப்பெருக்கு நிற்கும், ஆனால் பல வேளைகளில் அதற்கப்பாலுள்ள கையோ காலோ அழுகும். பின்னர் அதை வெட்டி எறிய வேண்டிவரும்.

கரேல் விடைதேடிப் போன இடம் வியப்புக்குரியது. லியோன் நகரம் பட்டுக்கும் பூவேலைக்கும் பேர்போனது. அங்கே லெருதியே என்னும் பூவேலைக்காரப் பெண்மணியிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார் இந்த வைத்தியர். துளை கசியாமலும் குருதி உறையாமலும் இருக்க ஊசிக்கும் நூலுக்கும் வசிலின் பூசினார். குழாயின் விளிம்பை வெளிப்புறமாக மடித்து, உட்சவ்வு உட்சவ்வோடு பொருந்தும்படி தைத்தார். வட்டமான வாயை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும்; பிறகு மூன்று நேர்கோடுகளைத் தைப்பது எளிது, எதிர்ப்பக்கச் சுவரில் ஊசி மாட்டிக்கொள்ளாது. கிருமி சேராத கடுந் துப்புரவையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டார். இந்த முறையை 1902இல் அவர் வெளியிட்டார்.

லூர்துப் பயணம்

அதே ஆண்டு நோயாளரை ஏற்றிச் சென்ற புகைவண்டியில் வைத்தியராக அவர் லூர்துக்குச் சென்றார். நம்பிக்கையோடு சென்றவரல்லர், பார்த்து ஆராய்வதற்கே சென்றார். வயிறு வீங்கிச் சாகுந் தறுவாயிலிருந்த மரீ பாயி என்ற இளம்பெண் அவருடைய கவனிப்பில் இருந்தாள். காசநோய் வயிற்றைப் பற்றியிருக்கிறது என்பதே வைத்தியர்களின் கணிப்பு. ஊற்றுநீர் அவள் வயிற்றில் ஊற்றப்பட்டபின், கரேலின் கண்முன்னே சிறிது நேரத்திற்குள் வீக்கம் வற்றி அவள் தேறினாள். பின்னர் கன்னியர் மடத்தில் சேர்ந்து 1937வரை வாழ்ந்தாள்.

வாசகரே, திருச்சபை அங்கீகரித்த லூர்துப் புதுமைகளில் இது சேர்க்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கரேலும் உடனே விசுவாசத்துக்குத் திரும்பிவிடவில்லை. தாம் கண்டதை மறுக்க மட்டும் அவர் மறுத்துவிட்டார். விசுவாசிகளுக்கு அவருடைய பேச்சு குளிர்ந்ததாயிருந்தது. லியோன் மருத்துவ உலகுக்கோ அது பரிகாசமாயிற்று. அங்கே தமக்கு உயர்வு இல்லையென்று கண்டு 1904இல் கடல் கடந்தார்.

நோபல் பரிசு

கனடாவின் மொன்றியல் நகருக்கும் அங்கிருந்து சிக்காகோவுக்கும் சென்று, சாள்ஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1906இல் நியூயோர்க் றொக்பெல்லர் ஆய்வு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. பழுதான நாடிக்குப் பதிலாக நாளத்தின் ஒரு துண்டை வைத்துத் தைப்பது, விலங்குகளின் சிறுநீரகத்தை எடுத்து மீண்டும் பொருத்துவது ஆகிய யாவும் அவருடைய கையில் கைகூடின. ஒரு விலங்கின் சிறுநீரகத்தை அதற்கே திரும்பப் பொருத்தினால் வாழ்கிறது, வேறொன்றுக்குப் பொருத்தினால் நாளடைவில் செத்துவிடுகிறது என்பதையும் அவர் கண்டார். தையல் சரியாயிருந்தும் உடல் அந்நியனை ஏற்பதில்லை என்ற உண்மை அப்போதே அவருக்குத் தென்பட்டது.

1908இல் ஓர் இரவு. பிறந்து சில நாளேயான ஒரு பெண் குழந்தை குருதி கசிந்து செத்துக்கொண்டிருந்தது. கரேல் தந்தையின் கைநாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு தைத்து இணைத்தார். நூல்போன்ற அந்த நாளத்தினூடே தந்தையின் குருதி பாய, வெளிறிக் கிடந்த குழந்தை சிவந்து உயிர் பிழைத்தது. 1912இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 39.

முதலாம் உலகப் போரில் தாயகம் திரும்பி, இரசாயன அறிஞர் ஹென்றி டேக்கினோடு சேர்ந்து, சீழ்பிடித்த காயங்களை மருந்துநீரால் இடைவிடாது கழுவும் முறையை உருவாக்கினார். அதனால் எத்தனையோ போர்வீரர் கைகால் இழக்காமல் தப்பினர்.

ஆயினும் அவருடைய தையல் போர்க்களத்தை எட்ட நெடுங்காலமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரிடையே ஆராயப்பட்ட 2,471 நாடிக் காயங்களில் 81 மட்டுமே தைக்கப்பட்டன. காயமுற்ற அவயவங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 வெட்டப்பட்டன. கொரியப் போரில் நாடியைத் தைப்பது வழக்கமானபோது அது நூற்றுக்கு 13 அளவுக்கு இறங்கிற்று. அறிந்த ஒன்றைச் செய்யாமலிருப்பதன் விலையை இந்த இலக்கங்கள் சொல்கின்றன. போரில் அவயவம் இழந்தவர்கள் வாழும் நமது கிழக்கு மண்ணுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இருண்ட பக்கம்

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. 1935இல் கரேல் மனிதனைப் பற்றி எழுதிய நூல் பல மொழிகளிற் பரவிப் பெருவிற்பனையாயிற்று. அதிலே மனிதரைத் தரம் பிரித்து, உயர்ந்தோர் பெருகவேண்டும் என்றார். கொடிய குற்றவாளிகளையும், குற்றம் இழைத்த மனநோயாளரையும் நச்சுவாயுவால் ஒழிக்கலாமென்றும் எழுதினார். 1941இல் நாசிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானார். 1944இல் பிரான்ஸ் விடுதலையானதும் பதவி பறிபோயிற்று, குற்றச்சாட்டுகள் சூழ்ந்தன. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி, இருதய நோயால் தளர்ந்து, பாரிசில் மரித்தார். முதுமையில் விசுவாசத்துக்குத் திரும்பியிருந்த அவர், இறுதித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றே கண்மூடினார். லியோன் மருத்துவ பீடம் அவருடைய பெயரைத் தாங்கியிருந்தது. 1996இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டது.

சாகுந் தறுவாயிலிருந்த ஒரு சிசுவுக்காக இரவில் விழித்திருந்த அதே மனிதர், வேறு சிலருடைய உயிரை வேண்டாத சுமையென எழுதினார். திறமை புண்ணியமாகிவிடாது. பெரிய அறிவும் இரக்கத்தை விட்டு விலகினால் வழி தவறும். ஆனால் அவர் கண்டுபிடித்த தையலை நாம் தள்ளிவிடுவதில்லை. இன்று சிறுநீரகம் மாற்றும்போதும், இருதயத்துக்கு மாற்று வழி அமைக்கும்போதும், குருதிச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும்போதும் அந்தத் தையலின் வழித்தோன்றலே உயிர் காக்கிறது.

உங்கள் காலைப் பாருங்கள்

ஆகவே வாசகரே, இந்த வைத்தியத்தின் பயன் உங்களுக்கும் கிட்டவேண்டுமானால் காலந் தாழ்த்தாதீர்கள். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் தணிகிறதா? இரவில் பாதம் குடைந்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகமாயிருக்கிறதா? விரலிலுள்ள புண் வாரக்கணக்காக ஆறவில்லையா? நாடி அடைபடுவதன் அறிகுறிகளாக இவை இருக்கலாம். சுருட்டும் பீடியும் சிகரெட்டும் பிடிப்போருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இந்த ஆபத்து மிகுதி. எண்ணெய் பூசிக் காத்திருக்க வேண்டாம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குத் தூரமன்று. அங்கே காட்டுங்கள், மேலே அனுப்பினால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குத் தயங்காமல் செல்லுங்கள். புகையை இன்றே விடுங்கள்.

வெட்டுக்காயத்தில் குருதி பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே கொண்டு செல்லுங்கள். குருதி ஓடாத கால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குமேல் தாங்காது. தைக்கத் தெரிந்தவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடம் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அயலவராகிய நமது கடமை.