இன்சுலினை நெறிப்படுத்திய மருத்துவர் ஹாகடார்ன்

நீரிழிவு நோய் எட்டிப் பார்க்காத இல்லம் இன்று நம் ஊர்களில் அரிது. காலை உணவுக்கு முன்னர் மருந்துக் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெல்ல உருட்டி, பின் ஊசியில் ஏற்றும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். பால்போல் கலங்கித் தோன்றும் அந்த இன்சுலினை மருத்துவர்கள் என்.பி.எச். என்று சுட்டுவர். அதன் இறுதி எழுத்து ஒரு மனிதரின் பெயரைக் குறிப்பது என்பதைப் பலரும் அறியார். அவரே டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகடார்ன். கோடிக்கணக்கானோரின் உடலில் நாள்தோறும் சேரும் மருந்தில் தம் பெயரை விட்டுச் சென்ற அவருடைய வாழ்வை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

ஹாகடார்ன் 1888ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே குருதிச் சர்க்கரையைப் பற்றிய ஆய்வில் அவர் மனம் சென்றது. அக்காலத்தில் சர்க்கரையை அளந்தறிய மிகுதியான குருதி தேவைப்பட்டது. நார்மன் ஜென்சன் என்னும் மருந்தாளுநருடன் சேர்ந்து, சில துளிக் குருதியைக் கொண்டே அதனை அளக்கும் முறையை 1918இல் அவர் வெளியிட்டார். இருவர் பெயராலும் வழங்கிய அம்முறை உலக மருத்துவமனைகள் பலவற்றில் நெடுங்காலம் கையாளப்பட்டது.

1920இல் நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் என்பவரின் துணைவியார் மரியா தாமும் ஒரு மருத்துவர், நீரிழிவால் வருந்தியவர். அவருக்கு மருத்துவம் பார்த்தவர் ஹாகடார்ன். கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைக் கண்டறிந்த செய்தி பரவிய காலம் அது. 1922இல் அமெரிக்கா சென்ற குரோக், துணைவியாரின் தூண்டுதலால் டொரான்டோவுக்கும் சென்று, அம்மருந்தை ஸ்காண்டிநேவிய நாடுகளில் செய்துகொள்ள இசைவு பெற்றுத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹாகடார்னும் அவரும் மாட்டின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு ‘நார்டிஸ்க்’ இன்சுலின் ஆய்வுக்கூடம் தோன்றியது. ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற ஹாகடார்ன் நெடுங்காலம் அதனை வழிநடத்தினார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் எழுதப் புகவில்லை. அவர் சுருக்கெனப் பேசுபவர். பணிபுரிவோரிடம் கண்டிப்பு மிக்கவர். அவருடன் ஒத்துப்போக இயலாத வேதியியலாளர் தார்வால்ட் பெடர்சன் 1924இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய உடன்பிறப்பும், குரோக்கிடம் கருவிகள் செய்துவந்தவருமான ஹரால்டும் தாமே விலகினார். அவ்விருவரும் தொடங்கியதே ‘நோவோ’ நிறுவனம். ஒரே நகரில் இரு நிறுவனங்களும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டியிட்டன. அப்போட்டியால் மருந்து மேன்மையுற்றதும் உண்மையே. நோயாளிகளே அதனால் பயனடைந்தனர்.

அன்றைய இன்சுலினில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நள்ளிரவில் எழுந்து ஊசி போட்டுக்கொண்டோரும் உண்டு. குழந்தைகள் பட்ட துன்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் ஒரு புரதம். உடல் நீரில் எளிதில் கரைந்து விரைவில் குருதியில் கலந்துவிடுகிறது. அதனை மெல்லக் கரையச் செய்தால் என்ன என்று ஹாகடார்ன் எண்ணினார். மீனின் விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்னும் காரத்தன்மையுள்ள புரதத்தை அதனோடு சேர்த்தார். இரண்டும் பிணைந்து, உடல் நீரில் மெதுவாகக் கரையும் பொருளாயின. இவ்வெற்றி 1936இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

எனினும் பணி முடியவில்லை. அம்மருந்து நெடுநாள் நிலைத்திராததால் நோயாளியே பயன்படுத்தும்போது கலந்துகொள்ள வேண்டியதாயிற்று. டொரான்டோ அறிஞர்கள் துத்தநாகம் சேர்த்து அதனை நிலைபெறச் செய்தனர். ஆனால் அதில் புரோட்டமின் மிகுதி. விரைந்து வேலை செய்யும் இன்சுலினை உடன் கலந்தால், மிஞ்சிய புரோட்டமின் அதனையும் பற்றிக்கொள்ளும்.

இச்சிக்கலைப் படிகமே தீர்த்தது. இன்சுலினைப் படிகமாக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஏபெல் 1926இல் காட்டினார். அதற்குத் துத்தநாகம் வேண்டும் என்பதை டொரான்டோவின் ஸ்காட் 1934இல் விளக்கினார். ஹாகடார்னின் ஆய்வுக்கூடத்தில் கிராயன்பூல், ரோசன்பெர்க் என்னும் இருவர், இன்சுலினும் புரோட்டமினும் எதுவும் மிஞ்சாமல் இணையும் அளவைக் கண்டு, சிறிது துத்தநாகத்துடன் நடுநிலைக் கரைசலில் ஒழுங்கான படிகங்களை 1946இல் உருவாக்கினர். 1950 முதல் அது விற்பனைக்கு வந்தது. தலைவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

கண்ணாடிக் குவளையில் படிகம் வளர்ப்பது ஒன்று. தொழிற்சாலையின் பெருங்கலத்தில் வளர்ப்பது வேறு. பெருங்கலத்தில் ஓரிடத்தில் காரம் மிகும், மற்றோரிடத்தில் குறையும். வெப்பமும் எங்கும் ஒன்றாக இராது. விரைந்து செய்தால் படிகத்துக்குப் பதிலாக உருவற்ற வண்டலே படியும்; அது வடிகட்டியையும் அடைத்துவிடும். படிகங்கள் சிறிதும் பெரிதுமாக அமைந்தால் சில விரைவில் கரையும், சில தாமதிக்கும். நோயாளியின் சர்க்கரை நிலை தடுமாறும். எனவே அமிலநிலை, வெப்பம், துத்தநாகத்தின் அளவு, கலக்கும் வேகம் ஆகிய அனைத்தையும் கட்டுக்குள் வைத்தே இம்மருந்தைச் செய்கின்றனர். குப்பியை வேகமாகக் குலுக்காது மெல்ல உருட்டச் சொல்வதும், உறையவிடலாகாது என்பதும் இப்படிகங்களைக் காப்பதற்கே.

பன்றிக் கணையத்திலிருந்தும் இன்சுலின் எடுக்கப்பட்ட காலத்தில் நம் பெரியவர்கள் அடைந்த மனத்தயக்கம் நாம் அறிந்ததே. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தைச் சுட்டி ஆலிம்கள் அவர்களைத் தேற்றினர். நுண்ணுயிரின் துணையால் செய்யப்பட்ட மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டபின் அத்தயக்கம் நீங்க வழி பிறந்தது. மூலம் மாறியபோதும் ஹாகடார்ன் காட்டிய புரோட்டமின் வழி மாறவில்லை.

1932இல் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட ஸ்டெனோ நினைவு மருத்துவமனையிலும் அவர் முதன்மைப் பொறுப்பு வகித்தார். நிறுவனத்தின் வருவாயில் ஒரு பகுதி அறக்கட்டளை வழியே ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் சென்றது. 1971ஆம் ஆண்டு அக்டோபரில் தமது 83ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் காலத்தில் பிரிந்த இரு நிறுவனங்களும் 1989இல் ஒன்றாயின.

உடன் உழைத்தோரிடம் காட்டத் தவறிய பொறுமையை அவர் தம் ஆய்வில் முழுமையாகக் காட்டினார். அப்பொறுமையின் பயனை இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெறுகின்றனர். மாணவச் செல்வங்கள் அவரது உழைப்பைக் கைக்கொள்க. அவரிடம் குறைந்திருந்த இன்சொல்லையும் அதனோடு சேர்த்துக்கொள்க.